சுலைகா மேடம் அந்தப் பாட்டிலைக் குடிக்கவில்லை

சுலைகா மேடம் காலமான செய்தி எனக்கு ஒரு விளம்பரமாகத்தான் வந்தது. கடலூரில் புளித்த பால் பானத்துக்கு ஏஜென்சி எடுத்திருக்கும் அவருடைய தம்பி அன்வர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். மேலே இன்னா லில்லாஹி என்ற இரங்கல் வாசகம், நடுவில் மேடத்தின் படம், கீழ் மூலையில் பாட்டில். ‘கடைசி நாட்களில் குடல் நலத்துக்காக எங்கள் சகோதரி அருந்தியது’ என்று ஒரு வரி. நிம்மதியாக அழக்கூட விடவில்லை, பாவி மனுஷன்.

சிதம்பரத்தில் ஒரே கல்லூரியில் பக்கத்துப் பக்கத்து மேசை எங்களுக்கு. அவர் நுண்ணுயிரியல், நான் வேதியியல். பரங்கிப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். அவரை அறிந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மேடத்துக்கு வாய் ஜாஸ்தி. எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர் மதியம் மோர் டம்ளரைத் தூக்கிக் காட்டி, “சுகர், பிரஷர், மூலம் எல்லாம் பறந்துடும் மேடம்” என்பார். “மோர் நல்லாருக்கும் சார், மோர்னே குடிங்க. மருந்துன்னு சொல்லி அத ஏன் அசிங்கப்படுத்துறீங்க?” என்பார் இவர். பால் ஒத்துக்கொள்ளாத சிலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும் என்பதை ஒப்புக்கொள்வார். அதற்கு மேல் பேசினால் ஆதாரம் கேட்பார். பழம்பெருமை பேசுகிறவரும் பாட்டில் விற்கிறவரும் அவருக்கு ஒரே ரகம்.

அன்வர் துபாயிலிருந்து திரும்பி ஏஜென்சி தொடங்கியபோது, அக்காவையே திறப்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக அழைத்தார். நானும் போயிருந்தேன். மைக்கைக் கையில் கொடுத்ததும் மேடம் பாட்டிலைத் திருப்பிப் படித்தார். “அன்வரு, இதுல என்ன கிருமிப்பா இருக்கு? பேரு போடல. எவ்ளோ உயிரோட இருக்கு? அதுவும் போடல. சர்க்கரை மட்டும் தெளிவா போட்டிருக்கு.”

“மானத்த வாங்காதீங்க லாத்தா” என்று பல்லைக் கடித்தார் தம்பி.

“இனிப்பா இருக்கு, குடிங்கன்னு சொல்றேன். குடலுக்கு நல்லதுன்னு சொல்லமாட்டேன். தெரியாதத எப்புடிச் சொல்றது?”

அன்றோடு அன்வர் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பெருநாளுக்கும் வரவில்லை. “எனக்கு இருக்கறதே ஒரு தம்பி சார்” என்று மேடம் என் எதிரில் அழுதிருக்கிறார். ஆனாலும் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை.

கடைசியாக நுரையீரல் தொற்றோடு அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஆன்டிபயாட்டிக் மருந்தால் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. டாக்டர் நல்ல கிருமிகள் உள்ள ஒரு மருந்துப் பொடியை எழுதிக் கொடுத்தார். மேடம் வாதம் எதுவும் செய்யாமல் கரைத்துக் குடித்தார். அத்தனை காலம் எட்டிப் பார்க்காத அன்வர் அன்று வந்திருந்தார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

“பாத்தீங்களா லாத்தா! கடைசியில நீங்களும் நம்ம வழிக்கு வந்துட்டீங்க.”

மூச்சு வாங்க வாங்க மேடம் சொன்னார்: “இதுக்குப் பேரு இருக்கு, அளவு இருக்கு, எதுக்குக் குடுக்கறாங்கன்னு காரணம் இருக்கு. நீ விக்கிறதுல என்னப்பா இருக்கு? அது கெடக்கட்டும், சாப்ட்டியா?”

அந்தப் பொடிதான் அன்வரின் விளம்பரத்தில் பாட்டிலாகிவிட்டது. அடக்கம் முடிந்து வெளியே வந்ததும் நேராகவே கேட்டேன்.

“எல்லாம் கிருமிதான சார்? காலேஜ் இரங்கல் கூட்டத்துக்கு ஆளுக்கொரு பாட்டில் நான் தர்றேன். நீங்க பேசுறப்ப லாத்தா பேரச் சொல்லி ரெண்டு வார்த்த போட்டு விடுங்க. அவுங்க வந்து இல்லன்னா சொல்லப் போறாங்க?”

த்தூ! கபர் மண் ஈரம் காயவில்லை, அதற்குள் வியாபாரம். இதே ஆள்தான் சற்று முன் என் தோளில் சாய்ந்து தேம்பினார்.

இன்று இந்தக் கூட்டத்துக்கும் பெட்டி பெட்டியாக இறக்கிவிட்டு, முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார். அன்வர், நீங்கள் கேட்ட இரண்டு வார்த்தை இதோ: அக்கா குடிக்கவில்லை. அவர் உயிரோடு இருந்தவரை உங்களுக்குக் கிடைக்காத சாட்சியை, வாய் மூடிய பிறகு பிடுங்கப் பார்க்கிறீர்கள். அந்த ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் பெருநாள்தோறும் தம்பி வீடு தேடி வந்திருப்பான் என்று தெரிந்தும் சொல்லாதவர் அவர். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் துடுக்கு வாய் மட்டும்தான். அது என்னிடம் இருக்கிற வரைக்கும் அவர் முகத்தை உங்கள் பாட்டிலில் ஒட்ட விடமாட்டேன்.