அந்தத் தாலாட்டு நாச்சிமுத்து போட்ட மெட்டு

சங்ககிரியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது எங்கள் மிருதங்கக்காரர் எதிரே வந்தார். "அம்மிணி, ஆர்மோனியம் நாச்சிமுத்தண்ணன் ராசிபுரத்துல தவறிட்டாருங்க. நாலு நாள் ஆச்சுங்க" என்றார். அழுகை வரும் முன்பே அவர் பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினார். சேலத்தில் நடக்கப்போகும் இரங்கல் கூட்டத்துக்கு நாடக சங்கத்தார் அச்சடித்தது. அதில் அண்ணன் பெயருக்குக் கீழே, "கிராமபோன் மெட்டுகளை நாடக மேடையில் அப்படியே வாசித்துப் புகழ் பெற்றவர்" என்று போட்டிருந்தது. படித்ததும் எனக்கு வர இருந்த அழுகை நின்றுபோய்விட்டது.

அந்த நோட்டீஸை எழுதியவர்களுக்கும், எழுதியதைப் படித்துத் தலையாட்டியவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். அவர் ஆர்மோனியத்துக்குப் பன்னிரண்டு வருஷம் பாடியவள் நான். மரகதம் என்றால் உங்களுக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் எந்தக் கம்பெனியில்தான் சொந்த மெட்டு இருந்தது? வடக்கேயிருந்து வந்த நாடகக்காரர்கள் பாடியதைக் கேட்டு, அதில் தமிழ் வார்த்தையைத் திணித்துப் பாடினோம். நாமக்கல்லில் ராஜா பாடிய காதல் பாட்டும் ஆத்தூரில் சேவகன் பாடிய ஹாஸ்யப் பாட்டும் ஒரே மெட்டில் இருக்கும். யாரும் வெட்கப்படவில்லை. நாச்சிமுத்தண்ணன் ஒருவர்தான் பாட்டு தொடங்கும் முன் வாசிப்பை நிறுத்தி, "இந்த மெட்டு நம்முளுது இல்லீங்க, வடக்கத்திக் கம்பெனிக்காரங்க கிட்டக் கேட்டதுங்க" என்று சபைக்குச் சொல்லுவார். ராசிபுரத்தில் ஒரு நெசவாளி எழுந்து, "ஏனுங்க, உங்க சொந்தச் சரக்கே கெடையாதுங்களா?" என்று கேட்டார். சபை சிரித்தது. அண்ணன் நிதானமாக, "ஒண்ணு இருக்குதுங்க. நாலாவது சீன்ல வருதுங்க" என்றார்.

அந்த ஒன்றுதான் தாலாட்டு. பஞ்சத்தில் பிழைக்கப் போகும் தாய் பிள்ளையை ஆற்று மணலில் கிடத்திவிட்டுப் பிரியும் காட்சி. "ஆற்று மணலே ஆறாயோ, என் ஐயன் துயிலும் மடியல்லவோ" என்று அவரே எழுதி, நீலாம்பரியில் மெட்டும் போட்டார். அவருடைய ஆர்மோனியத்தில் மேல் காந்தாரக் கட்டை செத்துப் போயிருந்தது. அமுக்கினால் காற்றுத்தான் வரும். அதனால் மூன்றாவது அடியில் ரிஷபத்திலிருந்து ஒரே தாவாக மத்திமத்துக்குப் போவார். கேட்பவர்களுக்கு அது ஒரு பெண் அழுகையை விழுங்குவது போல இருக்கும். ரீடு மாற்றிக் கட்டை சரியான பிறகும் அவர் அந்தத் தாவலை மாற்றவில்லை. அந்த இடத்தில் முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வதை எத்தனையோ ஊரில் மேடையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். பாடகிகளைத் தேடிச் சென்னையிலிருந்து ஒரு சங்கீத டைரக்டர் சேலத்துக்கு வந்து சத்திரத்தில் தங்கினார். கிராமபோன் பிளேட்டில் என் குரல் வராதா என்ற ஆசையில், அண்ணனிடம் சொல்லாமல் போனேன். தாலாட்டைப் பாடினேன். மூன்று முறை பாடச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் ஸ்வரம் எழுதிக்கொண்டே இருந்தார். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவே இல்லை.

ஒரு வருஷம் போயிருக்கும். வாழப்பாடிச் சந்தைத் திடலில் நாடகம். நான் தாலாட்டைத் தொடங்கியதும், "ரெக்கார்டுப் பாட்டு! ரெக்கார்டுப் பாட்டு!" என்று கூச்சல். "மெட்டுத் திருடன்" என்று ஒருவன் கத்தினான். கடைசிவரை பாட முடியவில்லை. மறுநாள் வாழப்பாடிக் கடைத்தெருவிலேயே அந்தப் பிளேட்டைக் கேட்டோம். வேறு வார்த்தை, வேறு குரல். மெட்டு அதேதான். மூன்றாவது அடியில் அந்தத் தாவலும் அப்படியே இருந்தது.

அண்ணனிடம் அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எப்போதும் என்னை "அம்மிணி, வா, போ" என்று பேசுகிறவர் அன்று மரியாதையாகப் பேசினார்.

"யார் மெட்டுன்னு அவங்க கேட்டாங்களா?"

"கேட்டாங்க, அண்ணா."

"நீங்க என்னன்னு சொன்னீங்க?"

"நாடகப் பாட்டுன்னு சொன்னேன்."

"எம் பேரு அவ்வளவு நீளமுங்களா? வாயில வரலீங்களா?"

அதற்குப் பிறகு மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. நான் பாடும் நாடகத்துக்கு வேறு ஆளை வாசிக்கச் சொல்லிவிட்டார்.

அந்த டைரக்டர் மறுபடி சேலத்துக்கு வந்தபோது அண்ணனாகவே எனக்கு ஆள் அனுப்பினார். "நீயும் வரோணும். வந்து சாட்சி சொல்லோணும்" என்றார். போனோம். சாட்சி சொன்னேன். டைரக்டர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "தாலாட்டுன்னா நீலாம்பரி. நீலாம்பரின்னா எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கும். இதுல உம்முது என்ன, என்னுது என்ன?" என்றார்.

அண்ணன் கைகட்டி நின்றபடியே சொன்னார்: "ராகம் பொதுங்க. அதை நான் கேக்க வரலீங்க. மூணாவது அடியில காந்தாரத்தைத் தாண்டிக் குதிக்கிறீங்களே, அது ஏனுங்க?"

"அது என் கற்பனை."

"கற்பனை இல்லீங்க. எம் பொட்டியில அந்தக் கட்டை செத்துப் போச்சுங்க, அதனால குதிச்சேன். உங்க பொட்டியிலயும் அதே கட்டைதான் செத்துதுங்களா?"

அறையிலிருந்த பக்கவாத்தியக்காரர்களே சிரித்துவிட்டார்கள். டைரக்டரும் சிரித்தார். சிரித்துவிட்டு வேலைக்காரனைக் கூப்பிட்டு எங்களை வெளியே விட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். பிளேட்டின் மேல் அவர் பெயர்தான் இருந்தது. இன்றும் இருக்கிறது.

அதைவிடப் பெரிய அநியாயத்தைச் செய்தது அந்நிய ஊர்க்காரர் அல்ல. எங்கள் நாடகங்களை ஊர் ஊராக நடத்திவந்த கண்டிராக்டர்தான். "சனம் அந்தப் பாட்டைக் கேக்குது. நீங்கதான் எப்பவும் மெட்டு எங்கிருந்து வந்துதுன்னு சொல்லுவீங்களே, இதையும் ரெக்கார்டுல கேட்டதுன்னு சொல்லிப்போட்டு வாசிங்க. கை தட்டுவாங்க" என்றார். அங்கே உட்கார்ந்திருந்த நடிகர்களில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. அவர்களில் இரண்டு பேர் பெயரை இந்த நோட்டீஸிலும் பார்த்தேன். அண்ணன் ஆர்மோனியத்தை மூடினார். "அடுத்தவன் பொருளை எம்பொருள்னு நான் சொன்னதில்லீங்க. எம்பொருளை அடுத்தவனுதுன்னும் சொல்ல மாட்டனுங்க" என்றார். அதன் பிறகு அவர் எந்த மேடையிலும் ஏறவில்லை.

சேலத்தில் கிராமபோன் ரிப்பேர் செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு நாள் பார்க்கப் போயிருந்தேன். ஒரு வியாபாரி தன் பெட்டி சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு பிளேட்டைக் கொடுத்தார். அந்தத் தாலாட்டு! அண்ணன் தன் கையாலேயே ஊசியை வைத்தார். வியாபாரி ரசித்துக் கேட்டுவிட்டு, "இதையுந்தான் நாடகக்காரங்க காப்பியடிச்சுப் பாடறாங்க. இந்தக் குரலுக்கு ஈடாகுமுங்களா?" என்றார். நான் வாயைத் திறந்தேன். அண்ணன் கையைக் காட்டித் தடுத்துவிட்டு, "ஸ்பிரிங் சரியாயிருச்சுங்க, எடுத்துட்டுப் போங்க" என்றார்.

"ஏன் சொல்லவில்லை?" என்று அவரிடம் சண்டை போட்டேன். "அந்த ஆளு பொட்டி ரிப்பேருக்கு வந்தாரு அம்மிணி. நான் ரிப்பேர் பண்ணினேன்" என்றார். அந்தப் பொறுமையை நான் அன்றும் மன்னிக்கவில்லை, இன்றும் மன்னிக்கவில்லை.

இரங்கல் கூட்டத்துக்குப் போனேன். பேசினவர்கள் எல்லாரும் அந்த நோட்டீஸையே திருப்பிச் சொன்னார்கள். நான் எழுந்து, அந்த மெட்டு அவருடையது, அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான் என்றேன். தலைவர், "செத்தவங்க காரியத்துல எதுக்குங்க சண்டை, உக்காருங்க" என்றார். நான் உட்காரவில்லை. அடுத்த பேச்சாளரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அண்ணனின் பொறுமை, பணிவு என்று கூட்டத்தில் நிறையப் பேசினார்கள். அவற்றை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். அவருடைய ஆர்மோனியம் யாரிடம் போனது என்று நான் விசாரிக்கவில்லை. என்னோடு அவர் பேசாமல் இருந்த அந்த மூன்று மாதம் எனக்குப் போதும். எல்லாரையும் மன்னித்துவிட்ட மனிதர் ஒரே ஒருமுறை நியாயமாகக் கோபப்பட்டார். அது என்மேல்தான். அந்தக் கோபத்தை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். யாருக்கும் கொடுப்பதாக இல்லை.