தடாகம் பச்சையான வாரம்

குண்டசாலையில் நாங்கள் இருக்கும் வீடு எங்களுடையது அல்ல. வெளிநாட்டில் இருக்கும் என் அண்ணன் கட்டியது. ஊருக்கு வந்தால் சுகமாக நீந்தலாம் என்று பின்பக்கத்தில் ஒரு சின்ன நீச்சல் தடாகமும் கட்டிவைத்தார். ஒரே ஒரு தடவைதான் அதில் இறங்கினார். "ஐஸ் மாதிரி இருக்கு தங்கச்சி" என்று துவாயைப் போர்த்திக்கொண்டு உள்ளே ஓடியவர், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்த எங்கள் தலையில் அதுவும் விழுந்தது. இலை விழும், தவளை விழும், ஒருநாள் பாம்பே விழுந்து கிடந்தது. அதைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

என் கணவருக்கோ அது உயிர். கண்டியில் ஒரு ஹோட்டலில் பராமரிப்பு வேலை பார்த்தவர். காலையில் தேத்தண்ணீர் குடிக்குமுன் இரண்டு சின்னக் கண்ணாடிக் குழாய்களில் தடாகத்துத் தண்ணீரை மொண்டு, மருந்துச் சொட்டு விட்டு, வெளிச்சத்தில் தூக்கி, நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒன்று மஞ்சளாகும், குளோரின் எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லும். மற்றது சிவப்பாகும், தண்ணீர் அமிலமா காரமா என்று அது சொல்லும். அந்தச் சிவப்பு "ஏழரைக்குக் கிட்ட நிக்கணும்" என்பார். ஊருக்கெல்லாம் ஏழரை என்றால் சனி, இந்த மனுஷனுக்கு மட்டும் சந்தோஷம் என்று கேலி செய்வேன். மழை பெய்தால் தண்ணீரின் குணம் நிலையில்லாமல் ஆடும் என்று, அப்பம் சுடப் போடும் அப்பச்சோடாவைக் கரைத்து ஊற்றுவார். அதைக் கிலோக்கணக்கில் வாங்குவதைப் பார்த்துவிட்டு, "அப்பக் கடை போட்டிருக்கீங்களா?" என்று சந்திக் கடைக்காரர் கேட்டாராம்.

பாரிசவாதம் வந்து அவருடைய வலது கை, வலது கால், பேச்சு மூன்றையும் ஒரே காலையில் எடுத்துக்கொண்டது. நாங்கள் பேசுவதெல்லாம் அவருக்குப் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் "ஆ" என்ற சத்தம் மட்டுந்தான் வரும். நான் துணிக்கடை வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துகொண்டேன்.

உடற்பயிற்சி கொடுக்க மடவளையிலிருந்து ஒரு பெண் வருவாள். முதல் நாளே பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள். "இவ்வளவு நல்ல தடாகம் ஒண்ட வெச்சிக்கிட்டு ஏன்க்கா இவர சுவரப் புடிச்சி நடக்கவைக்கிறீங்க? தண்ணிக்குள்ள ஒடம்பு பாரம் தெரியாது."

அவள் சொன்னது உண்மை. தரையில் இரண்டடி இழுப்பதற்குள் வியர்த்துப்போகிறவர், நெஞ்சளவு தண்ணீரில் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு கரையிலிருந்து மறுகரை வரை நடந்தார். நான் அவ்வளவு திட்டிய தடாகத்துக்கு மனதுக்குள் கும்பிடு போட்டேன்.

"ஒங்கட தோள விட்டுட்டு தண்ணிக்குள்ள நாலடி வெச்சாரெண்டா, பொறகு தரையில கம்பு குடுத்துப் பாக்கலாம்" என்றாள் அந்தப் பெண். வாசலுக்கு வந்த பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இந்த முதல் மாசங்கள்ல திரும்பி வாறதுதான்க்கா வரும். நாள் போனா கஷ்டம்."

அந்தச் சமயம் பார்த்துத்தான் மழை பிடித்துக்கொண்டது. நான் இலையை அள்ளினேன், ஒரு கை குளோரின் தூளை விசிறினேன், அவ்வளவுதான். குழாய், சொட்டு, சிவப்பு, மஞ்சள் எதையும் தொடவில்லை. மழை விட்ட காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு போனால் தண்ணீர் மங்கலாக இருந்தது. நிழல் விழும் சுவரில் மாவு தூவியதுபோல் மெல்லிய பச்சை. முதல் படியில் கால் வைத்தேன், வழுக்கியது. அவர் இந்தப் படியில் விழுந்து தலையில் அடிபட்டால் என்று நினைத்து, காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டேன்.

"இன்னைக்கு வேணாங்க" என்றேன். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிணற்றில் வெள்ளம் புகுந்தால் குளோரின் தூளைப் போடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் அந்த ஒரு வைத்தியந்தான் தெரியும். வெயில் நன்றாக அடிக்கும்போது போட்டால் நன்றாக வேலை செய்யும் என்று நானே முடிவு செய்து, மத்தியானத்தில் அள்ளிக் கொட்டினேன். பச்சை போகவில்லை. மறுநாள் இன்னும் கொட்டினேன். பச்சையோடு பால் கலந்ததுபோல் தண்ணீர் வெளுத்து, படிகூடத் தெரியாமல் போய்விட்டது.

தண்ணீர் கெடக் கெட அவரும் கெட்டார். சோற்றைக் கிளறிவிட்டு வைத்துவிடுவார். விரிய ஆரம்பித்திருந்த வலதுகை விரல்கள் மறுபடி மடங்கின. பயிற்சிக்கு வந்த பெண்ணைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். இந்த மனுஷன் இப்படியே கட்டிலோடு போய்விடுவாரோ என்று பயந்தேன்.

அண்ணனுக்குப் போன் எடுத்தேன். "தூளோட அசிட்டும் கொஞ்சம் ஊத்து" என்றார், அங்கிருந்தே எல்லாம் தெரிந்தவர் போல. ஒரு கையில் தூள் டின்னும் மறு கையில் அசிட் போத்தலுமாக நான் போவதை, விறாந்தையில் சக்கர நாற்காலியில் இருந்த என் கணவர் பார்த்துவிட்டார். "ஆ! ஆ!" என்று கத்தினார். நான் கிட்டப் போனதும் இடது கையால் டின்னை ஓங்கி அடித்தார். தூள் முழுக்க சிமெந்துத் தரையில் கொட்டியது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசுகிறேன் என்றே தெரியவில்லை. "யாருக்காகச் செத்துக்கிட்டு இருக்கேன்? நடக்கவும் மாட்டீங்க, நடக்கவைக்கவும் விட மாட்டீங்களா?"

அவர் திரும்பக் கத்தவில்லை. போத்தலைக் காட்டினார், கொட்டிய தூளைக் காட்டினார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமிக் காட்டினார். அப்போதுதான் உறைத்தது. தூள் எப்போதும் மாடிப்படிக்குக் கீழே இருக்கும், அசிட் வெளிக் கொட்டிலில் இருக்கும். இரண்டும் ஒன்று சேர்ந்தால் வரும் புகை நெஞ்சைக் கருக்கிவிடும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார். போத்தலை அப்படியே தூரமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு, தூளைக் கூட்டி அள்ளிவிட்டு வந்து அவர் காலடியில் உட்கார்ந்தேன்.

அவர் குழாய்ப் பெட்டியைக் காட்டினார். தண்ணீர் மொண்டு வந்து சொட்டு விட்டேன். சிவப்பு, அட்டையில் இருந்த கடைசிக் கட்டத்தையும் தாண்டிக் கருஞ்சிவப்பாக நின்றது. அவர் கையால் கீழே, கீழே என்று காட்டினார். காரம் ஏறிய தண்ணீரில் எவ்வளவு தூள் போட்டாலும் வீண் என்பதும், நான் கொட்டிய தூளே காரத்தை ஏற்றியது என்பதும் எனக்கு மெல்லத்தான் விளங்கியது.

பிறகு அவர் கைதான் பேசியது. சுவரையும் படியையும் தேய்க்கச் சொன்னது, தேய்த்தேன். மோட்டாரைப் போட்டு, ஓடும் தண்ணீரில் அசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொன்னது. அவசரப்பட்டபோதெல்லாம் உள்ளங்கையை விரித்து நிறுத்தியது. சிவப்பு இறங்கிய பிறகு அப்பச்சோடா. தூளை எடுக்கப் போனவளைத் தடுத்து வானத்தைக் காட்டியது. வெயில் தாழட்டும், வெயில் குளோரினைத் தின்றுவிடும் என்று அர்த்தம். பொழுது சாய்ந்த பிறகு தூளைப் போட்டு, விடியும்வரை மோட்டாரை ஓடவிட்டேன். காலையில் வடிகட்டியைக் கழுவிவிட்டபோது வெளியே கொட்டிய தண்ணீர் பச்சையாக இருந்தது. நான் அருவருப்போடு பார்த்தேன், அவர் தலையை ஆட்டி ரசித்தார்.

சில நாட்களில் அடித்தள ஓட்டின் கோடுகள் தெரிந்தன. மஞ்சளும் சிவப்பும் அவர் கேட்ட இடத்துக்கு வந்த காலையில் இருவரும் இறங்கினோம்.

அவர் நகம் என் தோளில் பதிந்தது. முன்பு மறுகரை வரை போனவர், பாதியில் நின்று மூச்சு வாங்கினார். கால் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. திரும்பப் படிக்கே கூட்டிவந்து, விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கவைத்தேன். வந்ததெல்லாம் போய்விட்டது, நாள் கடந்துவிட்டது என்று தோன்றியது. அழுவதை அவர் பார்க்கக்கூடாது என்று திரும்பி நின்று, தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தைக் கழுவினேன்.

"ஆ!" என்று சத்தம் கேட்டது. அதிகாரமான சத்தம். ஹோட்டலில் வேலையாட்களை இப்படித்தான் கூப்பிட்டிருப்பார்.

அது பக்கத்தில் கேட்கவில்லை. நாலடிக்கு மேல் தள்ளி, எதிர்ச்சுவரில் இருக்கும் ஏணிக்கருகே நின்றார். இரண்டு சுவருக்கும் நடுவில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை, தண்ணீரைத் தவிர. இடது கையை ஏணிக்குப் பின்னால் விட்டுத் தேய்த்து, விரலைத் தூக்கி எனக்குக் காட்டினார். நுனியில் பச்சை. நான் தேய்க்காமல் விட்ட இடம்.

"அங்க எப்படிங்க போனீங்க?" என்றேன்.

இது ஒரு கேள்வியா என்பதுபோல் அவர் முகத்தைச் சுளித்தார். விரலை மறுபடி உயர்த்திக் காட்டினார்.