தாடிக்குள் எட்டுக்கால் விருந்தாளி

மனைவி கருவுற்றதும் எங்கள் வழக்கப்படி சவரத்தை நிறுத்தினேன். இங்குள்ள மராத்தியரின் புத்தாண்டான குடி பாட்வா கழிந்த வாரம் தாடிக்குள் சிவந்த கொப்புளங்கள் தோன்றின. மருந்துக்கடையில் நானாகக் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பைப் பூசப் பூச, அவை பெருகின. மூன்று மாதம் கழித்து, ஆஷாடி ஏகாதசியன்று மகள் பிறந்தாள். தொற்றிவிடுமோ என்று பயந்து, அவளைத் தூக்கவே இல்லை.

"பெத்த பொண்ண எட்ட நின்னேதான் பாப்பீங்களா? டாக்டர்கிட்ட போங்க," என்றாள் மனைவி.

எங்கள் பகுதியான விஷ்ராந்த்வாடியின் தோல் மருத்துவர், என் தாடையில் சுரண்டி எடுத்ததை நுண்ணோக்கியில் காட்டினார். எட்டுக் குட்டைக் கால்களை அசைத்தபடி, வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணுண்ணி! எனக்கு மெய்சிலிர்த்தது.

"பெரியவங்கள்ல பெரும்பாலானவங்க மயிர்க்கால்ல இது சும்மா இருக்கும். உங்க களிம்புதான் பெருக வெச்சு வீங்க வெச்சிருச்சு. குழந்தைய தாராளமா தூக்குங்க," என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார்.

இப்போது மருத்துவர் எழுதித் தராத களிம்பு எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. மகளோ என் தோளைவிட்டு இறங்குவதில்லை.