பெட்டி அக்காவின் ஸ்டூல்

தூண் சார் உட்கார்ந்தால் யாருக்கோ வேலை போய்விடும் என்று அந்த நிர்வாகவியல் கல்லூரியில் ஒரு பேச்சு உண்டு. எனக்கு இதைச் சொன்னவள் அங்கே படிக்கும் என் அக்கா மகள். சொன்னபோது இரண்டு கால்களையும் ஒரு வாளி வெந்நீருக்குள் விட்டிருந்தாள். ஒரு சோப்புத் தொழிற்சாலையில் எட்டு வாரப் பயிற்சி முடித்து வந்திருக்கிறாள். படிப்பது நிர்வாகம், வீங்கியிருப்பது கணுக்கால். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

"உக்காரக் கூடாதுன்னு சார் சொல்லிட்டாரு மாமா. கம்பெனியில யாரு நாற்காலி குடுத்தாலும் வேண்டாம்னு சொல்லணும். உக்கார்ந்தது தெரிஞ்சா மார்க்குல கை வைப்பாரு."

"அவரு உக்காருவாரா?"

"அவரே உக்கார மாட்டாரு. மூணு மணி நேரம் வகுப்புன்னாலும் நட்டு வச்ச மாதிரி நிப்பாரு. அதனாலதான் தூண். முன்னாடி ஒரு தடவ உக்கார்ந்தாராம். யாருக்கோ வேலை போச்சாம்."

உள்ளே இருந்து அக்காவின் குரல் வந்தது. "உன் மாமாவ அனுப்பி விசாரிக்கச் சொல்லு. இருபது வருஷமா உக்கார்ந்தே எழுதுறான். யாருக்கும் வேலை போகல, இவனுக்குத்தான் ஒண்ணும் கிடைக்கல."

அக்கா மகளுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. பயிற்சி அறிக்கையைக் கொடுத்து மூன்று வாரமாகிறது. மற்றவர்களுடையதில் எல்லாம் தூண் சார் கையெழுத்துப் போட்டுவிட்டார். இவளுடையது மட்டும் அவர் மேஜையிலேயே கிடக்கிறது. கையெழுத்து இல்லை என்றால் மதிப்பெண் இல்லை. மதிப்பெண் இல்லை என்றால் அடுத்த மாதம் கம்பெனிகள் ஆள் எடுக்க வரும்போது இவள் வரிசையில் நிற்கவே முடியாது. நிற்கத்தான் இவ்வளவு பயிற்சி கொடுத்திருக்கிறார்களே என்று வாய் வரை வந்தது. வாளியைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

கல்லூரி வாசலில் காவலாளியிடம் முதலில் விசாரித்தேன். "ஆபரேஷன் சார், சொல்ல முடியாத இடத்துல" என்றார், அந்த இடத்தைச் சொல்லியும் விட்டார். கேன்டீன்காரர், அவருக்கு ஏதோ சபதம் என்றார். அலுவலக எழுத்தர்தான் நிதானமாகப் பேசினார்: "நாற்காலிக்கு ஆசப்படாத மனுஷன் சார். அதனாலதான் இருபது வருஷமா அவரத் துறைத் தலைவர் ஆக்கல."

நடைபாதையில் பூட்டுப் போட்ட ஒரு கண்ணாடிப் பேழை இருந்தது. உள்ளே நீல அட்டையும் தங்க எழுத்துமாக ஓர் அறிக்கை: 'பொதியும் கூடத்தில் இடப் பயன்பாடு.' இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மாணவர் எழுதிப் பரிசு வாங்கியது. முதலாம் ஆண்டில் சேருகிற எல்லோரும் படிக்கவேண்டிய மாதிரி அறிக்கை. எழுதிய மாணவர் இப்போது அதே நடைபாதையின் கடைசி அறையில் இருக்கிறார். தூண் சார்தான் அது.

அறையில் ஒரு மேஜை, ஒரு அலமாரி, ஒரு மர ஸ்டூல். நாற்காலியே இல்லை. மேஜைக்குப் பின்னால் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். ஒல்லியான உருவம், சட்டைப் பையில் இரண்டு பேனா, பிள்ளைகளைப் போருக்கு அனுப்புகிற ஆளின் முகம். ஸ்டூலைக் காட்டி, "உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். கொஞ்சம் உயரம் அதிகம், கால் தரையில் சரியாகப் படவில்லை.

பேச்சைச் சுற்றி வளைக்காமல் கேட்டேன். "நீங்க உக்கார்ந்தா வேலை போகும்னு சொல்றாங்களே சார்?"

"வேலையெல்லாம் போகல சார்" என்றார். "வேலை அப்படியேதான் இருந்துச்சு. உக்கார்றதுதான் போச்சு."

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் இது.

அவர் இங்கே மாணவராக இருந்தபோது, இப்போது அக்கா மகள் போய்வந்த அதே சோப்புத் தொழிற்சாலைக்குத்தான் அவரையும் அனுப்பினார்கள். பொதியும் கூடத்தில் இருபத்து நான்கு மேஜைகள். மேஜைக்கு ஒரு பெண், ஒரு ஸ்டூல். ஓடும் பட்டையில் சோப்பு வந்துகொண்டே இருக்கும். பன்னிரண்டு கட்டியை எடுத்து அட்டைப் பெட்டியில் அடுக்கி, மூடி, நாடா ஒட்டி, முத்திரை குத்தித் தள்ளிவிட வேண்டும். நேரத்தை எதில் விடுகிறார்கள் என்று அளப்பது இவர் வேலை. கழுத்தில் டை, டைக்கு மேல் நேரம் அளக்கும் கடிகாரம், காலில் கூடப் படித்தவனிடம் இரவல் வாங்கிய ஷூ. ஒரு சைஸ் சின்னது.

முதல் மேஜையில் இருந்தவரை எல்லோரும் பெட்டி அக்கா என்பார்கள். முப்பத்தெட்டு வயது, கை ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். கடிகாரத்தைப் பார்த்ததும் கேட்டிருக்கிறார்.

"என்னப்பா, ஓட்டப் பந்தயமா? யாரு ஜெயிக்கிறது?"

"கம்பெனிதான்க்கா."

"அப்ப நான் ஓடுறேன், நீ பரிச வாங்கிக்க."

அரை மணி நேரத்தில் இவர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றதை அக்கா பார்த்துவிட்டார். தன் ஸ்டூலைக் காலாலேயே இவர் பக்கம் தள்ளினார். "உக்காரு தம்பி. நிக்கத் தெரியாதவன் நின்னா எனக்குக் கால் வலிக்குது."

இவர் உட்கார்ந்தார். அன்றைக்கு மட்டும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தார். ஆறு வாரம் அதிலேயே ஓடிவிட்டது. அக்கா நின்றுகொண்டே பெட்டி கட்டினார். பக்கத்து மேஜைக்காரிகளும் எழுந்துவிட்டார்கள். கடிகாரமும் காகிதமுமாக ஒருவன் கூடத்துக்குள் இருந்தால் எந்தத் தொழிலாளியும் உட்கார்ந்து வேலை செய்ய மாட்டார். இது யாருக்கும் தெரியும், அளக்க வந்தவனைத் தவிர.

இவர் அட்டவணையில் மூன்று கட்டங்கள்: நின்று, நடந்து, உட்கார்ந்து. உட்கார்ந்து என்ற கட்டத்தில் பூஜ்யம். அடுத்த நாளும் பூஜ்யம். "அவ்வளவு பூஜ்யத்தையும் நான் உக்கார்ந்துகிட்டே எழுதினேன் சார்" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல் மேஜையை மட்டும் முழுசாக அளந்து இருபத்து நான்கால் பெருக்கினார். விடை அழகாக வந்தது. இருபத்து நான்கு ஸ்டூல்கள் பயன்படாமல் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை அப்புறப்படுத்தினால் தள்ளுவண்டிக்கு இன்னொரு பாதை கிடைக்கும். பேராசிரியர் படித்துவிட்டுத் தோளில் தட்டினார். இதுதான் தொழில்துறையிடமிருந்து கற்பது என்றார்.

"உங்களுக்கு எப்பதான் தெரிஞ்சுது?"

"கடைசி நாள். பேனாவ மறந்து வச்சிட்டேன்னு திரும்பிப் போனேன். நான் வருவேன்னு யாருக்கும் தெரியாது. கதவுக்கிட்ட நின்னு பாத்தா, பதினெட்டுப் பேரு உக்கார்ந்திருக்காங்க. சோப்ப அடுக்கும்போது உக்கார்றாங்க, நாடா ஒட்டும்போது எழுந்திரிக்கிறாங்க. பெட்டி அக்கா ஒரு கால மடிச்சுப் போட்டுக்கிட்டு ராணி மாதிரி உக்கார்ந்திருக்காங்க. எண்ணிப் பாத்தேன். ரெண்டு தடவ எண்ணினேன்."

"அப்புறம்?"

"பேனாவ எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

அறிக்கை அச்சாகி, நீல அட்டை போட்டு, மேஜைமேல் தயாராக இருந்ததாம். மறுநாள் பத்து மணிக்கு எல்லோர் முன்னாலும் அதைப் பற்றிப் பேச வேண்டும். மாணவன் எழுதுகிற அறிக்கையை எந்தக் கம்பெனியில் யார் படிக்கப்போகிறார்கள் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

"நியாயமான நம்பிக்கைதானே சார்."

"இத மட்டும் படிச்சுட்டாங்க."

ஒரே மாதத்தில் லாரி வந்து ஸ்டூல்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. இரண்டு வருடம் கழித்து இங்கேயே ஆசிரியராகச் சேர்ந்து, பன்னிரண்டு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அதே கூடத்துக்குப் போனார். தள்ளுவண்டிக்குப் புதுப் பாதை போட்டிருந்தார்கள். பெட்டி அக்கா மடித்த அட்டையைக் காலடியில் போட்டு நின்றிருந்தார். இவரைக் கண்டதும் சிரித்தார்.

"பரிசு வாங்கினியாமே தம்பி, மேனேஜர் சொன்னாரு. நல்லா இரு. ஒரு சின்ன உதவி. மத்த ஸ்டூல் எல்லாம் கம்பெனியோடது, கொண்டு போகட்டும். அந்த முதல் மேஜை ஸ்டூல் என்னோடதுப்பா. என் வீட்லருந்து கொண்டாந்தது. லாரியில ஏத்துறப்ப சொன்னேன், காதுல வாங்கல. நீ சொன்னா கேப்பாங்க. கேட்டுப் பாக்குறியா?"

கேட்கிறேன் என்றார். கேட்கவில்லை. கேட்டால், அப்படியானால் அவர்கள் உட்காருவார்களா என்று மேனேஜர் திருப்பிக் கேட்பார், அறிக்கை பொய் என்று தெரிந்துவிடும். வருடத்துக்குப் பன்னிரண்டு பிள்ளைகளைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ளும் கம்பெனி, பகைத்துக்கொள்ள முடியாது. அடுத்த வருடம் அக்காவிடம், "கேட்டேன்க்கா, கிடைக்கலயாம்" என்று சொல்லிவிட்டார். "போனா போகுதுப்பா, நீ கேட்டதே பெருசு" என்றாராம் அக்கா.

அந்த வருடம்தான் வகுப்பில் உட்காருவதை விட்டார். மாணவர்களையும் உட்கார விடாமல் செய்தார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. "நீங்க பண்ணினதுக்கு எங்க வீட்டுப் பொண்ணு காலு வாளியில கிடக்குது. இது என்ன சார் கணக்கு?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துத் திரும்பச் செருகிக்கொண்டார். சங்கடத்தில் நான் வேறு எதையாவது கேட்க நினைத்து, வீட்டிலாவது உட்காருவீர்களா என்றேன்.

"உக்காருவேன். நான் இங்க நிக்கிறேன்னு சொன்னா என் வீட்டுக்காரி நம்புறதே இல்ல."

பெட்டி அக்கா போன வருடம் ஓய்வு பெற்றார். இருபது வருடத்துக்கு மேல் நின்ற கால். தூண் சார் கடையில் ஒரு ஸ்டூல் வாங்கி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். அக்கா உட்கார்ந்து பார்த்தார். கால் அந்தரத்தில் தொங்கியது.

"உயரம்பா இது. பழசு இதவிடக் கட்ட. கால் தரையில படலன்னா அதுக்கு நிக்கிறதே மேல்."

"எவ்வளவு கட்டைக்கா? மூணு விரலா, நாலு விரலா?"

"என்னக் கேக்குற? ஆறு வாரம் உக்கார்ந்தது நீயில்ல?"

இவருக்குத் தெரியவில்லை. அந்தக் கூடத்தில் மேஜை, பாதை, நாடாச் சுருள் எல்லாவற்றையும் அளந்தவர், தான் உட்கார்ந்த ஸ்டூலை அளக்கவில்லை. சரிபண்ணிக் கொண்டுவருகிறேன் என்று திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கீழே பார்த்தேன். மெதுவாக எழுந்து நின்றுகொண்டேன்.

"பரவாயில்ல, உக்காருங்க" என்றார்.

"இல்ல சார், இருக்கட்டும்."

மேஜைமேல் அக்கா மகளின் அறிக்கை திறந்தபடியே கிடந்தது. முப்பத்தோராம் பக்கம். மேற்பார்வையாளர் கொடுத்த நாற்காலியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இவளும் கூடத்தில் நின்றிருக்கிறாள். மூன்றாம் நாள் ஒரு பெண், "உனக்குமா உக்கார அனுமதி இல்ல?" என்று கேட்டிருக்கிறாள். அங்கிருந்து எல்லோரும் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். இவள் எழுதியிருந்தாள்: 'இருபத்து நான்கு பேரும் நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறார்கள். காரணம் கேட்டபோது, உங்கள் கல்லூரி அறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது என்று நிர்வாகம் கூறியது. இருபத்து நான்கு ஸ்டூல்கள் உடனே தேவை.'

கையெழுத்துப் போட்டால் இது கம்பெனிக்குப் போகும். நடைபாதையில் இருக்கும் நீல அட்டை பொய் என்று ஆகும். போடாவிட்டால் அந்தப் பெண்கள் நிற்பார்கள், அக்கா மகளும் வாசலுக்கு வெளியே நிற்பாள்.

"மூணு வாரமா இந்தப் பக்கத்தத்தான் சார் படிக்கிறேன்" என்றார்.

"போட்டுடுங்க சார்" என்றேன். சிபாரிசுக்கு வந்தவனின் குரல் என்பது எனக்கே கேட்டது.

பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடவில்லை. ஒரு வெள்ளைத்தாளை இழுத்து, குனிந்து நின்றபடி எழுதத் தொடங்கினார். அடித்தார், எழுதினார். முக்கால் மணி நேரம். நானும் நின்றேன். ஸ்டூல் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சும்மா இருந்தது. முடித்துவிட்டுத் தாளை என்னிடம் நீட்டினார். கடைசி வரியைச் சத்தமாகவே படித்தேன்: 'மேற்படி அறிக்கையில் உட்கார்ந்து என்ற கட்டத்தில் உள்ள பூஜ்யங்கள் அனைத்தும் தொழிலாளியின் இருக்கையில் அமர்ந்து என்னால் எழுதப்பட்டவை, அவை தவறு என்பது அறிக்கையைச் சமர்ப்பிக்கும் முன்பே எனக்குத் தெரியும்.' அதை முப்பத்தோராம் பக்கத்தோடு இணைத்தார். பிறகுதான் கையெழுத்து.

இரண்டு மாதத்தில் நடந்தவை இவை. கம்பெனி சோதனை முயற்சியாக எட்டு ஸ்டூல்கள் போட்டிருக்கிறது. இருபத்து நான்கு பேர் முறை வைத்து உட்காருகிறார்கள். அடுத்த வருடம் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பதில் ஐந்து பேரை அனுப்பினால் போதும் என்று கடிதம் வந்திருக்கிறது. இயக்குநர் தூண் சாரைப் பார்த்தால் வேறு நடைபாதையில் போகிறார். கண்ணாடிப் பேழை காலி, பூட்டு மட்டும் பத்திரமாக இருக்கிறது. அக்கா மகளுக்கு எண்பத்தெட்டு மதிப்பெண். எத்தனை மேஜைகளை அளந்தாள் என்று எழுதவில்லை எனத் தூண் சார் இரண்டைக் குறைத்திருக்கிறார்.

போன வாரம் அந்த அறைக்குப் போயிருந்தேன். ஸ்டூல் அங்கேயேதான் இருந்தது. நான்கு கால்களிலும் பென்சிலால் இரண்டிரண்டு கோடுகள்: மூன்று விரலில் ஒன்று, நான்கு விரலில் ஒன்று. அலமாரியின் மேல் ஒரு புது ரம்பம், காகித உறைகூடப் பிரிக்கவில்லை.

"நேர்ல போயி அளவு எடுத்துட்டு வந்துடலாமே சார்."

"போகலாம்" என்றார். "அவங்க வீட்டு வாசல் வரைக்கும் ரெண்டு தடவ போயிட்டேன். கம்பெனிக்கு எழுதிட்டேன், இயக்குநர்கிட்ட சொல்லிட்டேன். அவங்ககிட்ட மட்டும் இன்னும் சொல்லல."

"எத?"

"அன்னிக்கு நான் கேக்கவே இல்லங்கறத."

காவலாளி ஏதோ தாளில் கையெழுத்து வாங்க உள்ளே வந்தார். நிற்கிற எங்கள் இருவரையும் காலி ஸ்டூலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்னிடம் தாழ்ந்த குரலில், "உங்களுக்கும் ஆபரேஷனா சார்?" என்று கேட்டார்.