பதினேழாம் தூணுக்குப் பின்னால்

உங்கள் அலுவலகத் தரையைத் துடைப்பவர் மதியச் சோற்றை எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று உங்களுக்குத் தெரியுமா?

தாக் புன்னி சாப்பிடுவது சியோலில் ஓர் இருபது மாடிக் கட்டடத்தின் நிலத்தடி மூன்றாம் தளத்தில். கார் நிறுத்துமிடத்தில், பதினேழாம் தூணுக்குப் பின்னால், கதவில்லாத ஒரு பொந்து. அட்டை விரித்து அதன்மேல் அவரும் உடன் துடைக்கும் கப்சுன் அக்காவும் புளிக்கவைத்த முட்டைக்கோஸ் கிம்ச்சி டப்பாவைத் திறப்பார்கள். தலைக்கு மேலே குழாய் ஒழுகும். தண்ணீர் வாசலைத் தாண்டித் தூண்வரை ஓடும்.

புன்னிக்கு வயது அறுபத்தொன்று. குழாய் ஒழுகுகிறதென்று நிர்வாகத்திடம் எட்டு முறை வாயால் சொல்லிப் பார்த்தார். ஒன்பதாம் முறை, மகள் கழித்துப்போட்ட கைபேசியை எடுத்தார்.

செங்கல் கனமுள்ள கைபேசி அது. பாதி கேமரா. லென்ஸ் மூடியைத் தள்ளினால் கேமரா விழித்துக்கொள்ளும். பொத்தானைப் பாதி அழுத்தினால் குறிவைக்கும், முழுதாக அழுத்தினால் பளீரென்று வெளிச்சம் அடிக்கும். புதிதில் மகள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தாளாம். இப்போது மூடி தளர்ந்துவிட்டது. பைக்குள்ளேயே தானாகத் திறந்து மின்சாரத்தைக் குடித்துவிடும். படத்தின் நடுவில்தான் தெளிவு, ஓரமெல்லாம் மங்கல்.

அன்றும் பேட்டரி செத்திருந்தது. இங்கே கைபேசி வாங்கினால் பேட்டரி இரண்டு கொடுத்த காலம் அது. புன்னி அங்கேயே நின்று மாற்றுப் பேட்டரியைப் போட்டார். ஒழுகும் குழாயைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினார். நம் கொரியக் கைபேசியில் படமெடுக்கும் சத்தத்தை யாராலும் அணைக்க முடியாது. தளம் முழுக்க எதிரொலித்தது.

மேற்பார்வையாளர் பியோ வந்துவிட்டார். "ஏம்மா, அங்க என்ன படப்பிடிப்பு?"

"என் மூஞ்சியத்தான் சார் எடுத்தேன். வரன் பாக்குறாங்க."

"இந்த மூஞ்சிக்கா?"

"உங்களுக்கே பொண்ணு குடுத்திருக்காங்களே, சார்."

கப்சுன் அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறினார்.

மூன்றாம் நாள் அதே வாசல் ஈரத்தில் வழுக்கி விழுந்து அக்காவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மறுநாளே குழாய் மாற்றப்பட்டது, சுவருக்கு வெள்ளையும் அடித்தாயிற்று. ஒழுக்கே இருந்ததில்லை என்றது நிர்வாகம். அக்கா தன் செருப்புத் தடுக்கி விழுந்தாராம். வேலையில் நேர்ந்த விபத்து என்று நிரூபிக்கப் புன்னியின் படம் ஒன்றுதான் மிச்சம்.

விபத்து இழப்பீட்டு விசாரணை அதிகாரி படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். மூலையில் தேதி: 2005, ஜனவரி 1.

பேட்டரியைக் கழற்றினால் அந்தக் கைபேசி தேதியை மறந்துவிடும். கைபேசிக் கோபுரத்து அலை கிடைத்தால் திருத்திக்கொள்ளும். மூன்றாம் தளத்தில் ஏது அலை?

"தேதி தப்பா இருக்கேம்மா."

"அந்தத் தேதியில கட்டடமே இல்ல, சார். 2008-லதான் கட்டினாங்க. கட்டாத கட்டடத்துல குழாய் எப்படி ஒழுகும்?"

"அதையேதான் நானும் சொல்றேன். படம் செல்லாது."

"கால் வலிக்குது, சார். உக்காரலாமா?" என்று மட்டும் கேட்டார் புன்னி.

கைபேசி பொய் சொல்கிறது என்று கட்டடமே சாட்சி சொல்கிறது. பள்ளிக் கணக்குப் படித்தவருக்கும் இது புரியும். ஆனால் ஓர் இயந்திரத்தின் மறதியை நம்புகிறவர்கள் ஒரு மனுஷியின் நினைவை நம்பமாட்டார்களாம். படத்தில், பின்சுவரில் நாள்காட்டி ஒன்று தொங்குகிறது. அதில் அக்டோபர் 2011 இருந்திருக்கும். ஓரத்து மங்கலில் அது வெறும் வெள்ளைப் புள்ளி.

கப்சுன் அக்கா இன்னும் எழுந்து நடக்கவில்லை. புன்னி இரண்டு பேர் வேலையைச் செய்துவிட்டு மருத்துவமனைக்குப் போகிறார், கட்டிலோரம் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறார். மேல்முறையீடு டிசம்பர் இருபதாம் தேதி.

அந்த அக்டோபரில் அங்கே காரை நிறுத்தினீர்களா? எங்கே விட்டோம் என்பது மறக்காமலிருக்கத் தூண் எண்ணைப் படமெடுத்திருப்பீர்கள், எல்லோரும் எடுப்பதுதானே. தயவுசெய்து உங்கள் கைபேசியில் தேடுங்கள். பதினேழாம் தூணின் அடியில் தரை ஈரமாக இருக்கிறதா, பாருங்கள். இருந்தால், இருபதாம் தேதிக்குள் அந்தப் படத்தைப் புன்னியிடம் சேர்த்துவிடுங்கள்.