அகலமாகிப்போன முகம்

போன வாரம் கிழக்குத் தாம்பரத்தில் பல் டாக்டருக்காகக் காத்திருந்தேன். சுவர் டிவியில் செய்தி வாசித்த பெண்ணின் முகம் பக்கவாட்டில் இழுபட்டிருந்தது. யாருக்கும் உறுத்தவில்லை. நான்தான் எழுந்துபோய் ரிமோட்டை வாங்கிச் சரிசெய்தேன். பல்வலியோடு வந்தவள் பார்க்கிற வேலையா இது என்று நீங்கள் சிரிக்கலாம். எனக்குப் பல்லைவிட அந்த முகம்தான் வலித்தது.

டிவியிலிருந்து சூடேறிய தூசி வாசனை வந்தது. என் முதல் வேலையின் வாசனை. சேலையூரில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் உள்ளூர் கேபிள் சேனல். நகைக்கடை, கல்யாண மண்டபம், டியூஷன், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் விளம்பரப் படம் தயாரித்தவள் நான்.

கம்ப்யூட்டரில் பிக்சல், அதாவது படத்தின் ஒவ்வொரு புள்ளியும், சதுரம். எங்கள் சேனலின் அகலத்திரைப் படத்திலோ அது படுக்கவைத்த செவ்வகம். அதைக் கணக்கில் எடுக்காமல் வட்டம் வரைந்தால், டிவியில் முட்டையாகிவிடும். சேர்ந்ததுமே வரைந்து காட்டினேன். சேனலை நடத்திய ரூபன் அண்ணா சிரித்தார்.

“இன்னாம்மா, மண்டபத்துக்காரர் அகலமா தெரிஞ்சா அவருக்குக் குஷிதானே? வசதியான ஆளு மாதிரி கீது.”

உண்மைதான். இன்னும் கொஞ்சம் இழுக்கச் சொன்னவர்களும் உண்டு.

நான் விடுப்பில் இருந்தபோது எதிர்வீட்டு ஷீபா அக்காவின் அப்பா காணாமல் போனார். மறதி நோய்க்காரர்; கன்னம் ஒட்டிய, ஒல்லியான மனிதர். அவர் படத்தை ரூபன் அண்ணாவே பிக்சல் கணக்கைப் பார்க்காமல் அப்படியே போட்டு ஓடவிட்டிருந்தார். திரும்பி வந்து டிவியைப் பார்த்தேன். ‘காணவில்லை’ என்ற எழுத்துக்கு மேலே, உப்பிய முகத்தோடு யாரோ ஒருவர்.

“அண்ணா, இது அவர் இல்ல.”

“அவர் போட்டோதாம்மா. கீழ பேர் பாரு.”

“பேரைப் பார்த்தா ஆளைத் தேடுவாங்க? முகத்தைப் பார்த்துத்தானே?”

படத்தைச் சரிசெய்து ஓடவிட்டேன். மதியமே ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு டீக்கடைக்காரர் போன் செய்தார்.

“இவரா மேடம்? நேத்து வரைக்கும் நம்ம கடையிலதான் குந்திகினு இருந்தாரு. டிவிக்குக் கீழயே. அதுல வந்தது வேற யாரோ குண்டு ஆளுன்னு நெனச்சேன்.”

ஷீபா அக்காவும் நானும் ஓடினோம். பெஞ்ச் காலியாக இருந்தது. ரயில் நிலையம் பக்கம் நடந்து போனாராம். அதற்குப் பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை.

அந்தச் சேனல் இப்போது இல்லை. ரூபன் அண்ணா எங்கே என்றும் தெரியாது. ஷீபா அக்கா கோவிலம்பாக்கத்துக்குக் குடிபோனபோது, அப்பா வந்தால் தெரியட்டும் என்று புது முகவரியைப் பழைய வீட்டு கேட்டில் பெரிதாகப் பெயின்ட்டில் எழுதிவிட்டுப் போனார். அபார்ட்மென்ட் கட்டுவதற்காகப் போன மாதம் வீட்டை இடித்தார்கள். கேட்டைத்தான் முதலில் கழற்றி எடுத்துப் போனார்கள்.