விமானம் ஏற்றிவிடுபவளின் தென்னேரி விடுமுறை

பிறரை விமானம் ஏற்றிவிட்டு, அவர்கள் இறங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதற்குப் பயண முகவர் தொழில் என்று பெயர். காஞ்சிபுரத்தில் பேருந்து நிலையத்தை அடுத்த மாடி அறையொன்றில் பதினோரு ஆண்டுகளாக அத்தொழிலைச் செய்து வருகிறேன். அதற்கு முன்பு தனிப்பயிற்சிக் கல்லூரியில் இலக்கணம் நடத்தினேன். ஆகவே முதலாளி முதல் வாடிக்கையாளர் வரை அனைவருக்கும் நான் ‘டீச்சர்’. விசா விண்ணப்பங்களைப் பிழையின்றி நிரப்புவதும், ஒவ்வொரு பயணிக்கும் ஓர் அட்டை எழுதித் தருவதும் என் பணி. பெட்டி வராவிட்டால் என்ன செய்வது, மாத்திரை தீர்ந்துவிட்டால் யாரிடம் கேட்பது என்று, நேரக்கூடிய இருபத்திரண்டு விபரீதங்கள் அந்த அட்டையில் வரிசை எண்ணுடன் இருக்கும்.

நான் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. விடுமுறை கிடைத்தால் வாலாஜாபாத் வழியாகப் பேருந்தில் சென்று, தென்னேரியில் என் கணவரின் தங்கை வீட்டில் ஐந்து நாள் இருந்துவிட்டு வருவேன். பெட்டியைக் கீழே இறக்கும்போதே அதை மீண்டும் மேலே ஏற்றிவிட நினைக்கும் வாசகர்களே, இது உங்களுக்காக எழுதப்படுவது. மற்றவர்கள் ஜன்னலோர இருக்கையில் அமர்ந்து மேகம் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

காலுக்குக் கீழே

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் மூர்த்தி, அமெரிக்காவிலிருக்கும் மகளைக் காணப் புறப்பட்டார். பதினைந்து மணி நேரம் தொடர்ந்து உட்கார வேண்டியிருக்கும் என்று எச்சரித்தேன், அவர் சிரித்துவிட்டார். நாள் முழுவதும் குழித்தறியில் அமர்ந்து நெய்பவருக்கு உட்காருவதைப் பற்றி நான் பாடம் நடத்தியது வேடிக்கையாக இருந்திருக்கும். நான் கேட்டிருந்தபடி, நெய்து மிஞ்சிய அரக்கு நிறப் பட்டு நூலில் ஒரு பொட்டலமும் கொண்டுவந்திருந்தார். எங்கள் அலுவலகம் வழியாகச் செல்லும் ஒவ்வொரு பெட்டியின் கைப்பிடியிலும் கைப்பையிலும் அந்நூலால் ஒரு குஞ்சம் கட்டிவிடுவது என் வழக்கம். எந்த நாட்டுக் கன்வேயரில் வந்தாலும் நம் பெட்டி நமக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

அட்டையை ஒவ்வோர் எண்ணாகப் படித்துக் காட்டினேன். விமானம் குலுங்கினால் என்ன செய்வது என்னும் பதினான்காம் எண் வந்ததும் அவருடைய சிரிப்பு நின்றது. குனிந்து தம் பாதங்களைச் சற்று நேரம் பார்த்தார். அதன்பின் அவர் கேட்டதற்கு என் அட்டையில் இன்றுவரை எண் இல்லை: “உக்காந்துக்கினு இருக்கறது எனக்குப் பழக்கம்தான் டீச்சர். ஆனா தறில உக்காந்தா காலு தரைக்குள்ள இருக்கும். அங்க காலுக்குக் கீழ இன்னா இருக்குது?”

காணாமற்போகும் செவ்வாய்

சின்னக் காஞ்சிபுரத்து வேதவல்லி அம்மாள், சான் பிரான்சிஸ்கோவில் மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கித் திரும்புவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை இரவு அங்கே ஏறினால் புதன்கிழமை காலை சிங்கப்பூரில் இறங்கலாம் என்று விளக்கினேன். நடுவிலுள்ள செவ்வாய்க்கிழமை என்ன ஆகும் என்று கேட்டார். பசிபிக் கடலைக் கடக்கையில் அது மறைந்துவிடும் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன், சொன்ன பிறகு நானே நாட்காட்டியை ஒரு முறை பார்த்துக்கொண்டேன்.

அவர் பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். அந்தச் செவ்வாய் ஏகாதசி. திருமணமான நாள் முதல் ஓர் ஏகாதசி உபவாசத்தையும் அவர் தவறவிட்டதில்லை. நிற்கின்ற மண்ணில் என்றைக்கு விடிகிறதோ அன்றைக்கு இருந்தால் போதும் என்று சாத்திரம் அறிந்த அவருடைய தமையனார் தொலைபேசியில் தீர்ப்பளித்தார். மண்ணே இல்லாத இடத்தில் நாள் போகிறதே என்பது அம்மாளின் கவலை. இறுதியில் பயணச்சீட்டை இரண்டு நாள் தள்ளி மாற்றிக் கொடுத்தேன். புதிய தேதியை விரல் விட்டு எண்ணிப் பார்த்தவர், நன்றி சொல்வதற்குப் பதிலாக என்னை ஏறிட்டுக் கேட்டார்: “வியாழக்கிழமை மட்டும் என்ன பாவம் பண்ணித்து? அதையும் கடல்ல தொலைச்சுட்டு வரணுமா நான்?”

கதவு எண்

ரோஸ்மேரி அம்மா மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர். கனடாவிலுள்ள மகனிடம் தனியாகப் புறப்பட்டார். மறுநாள் காலை பதினோரு மணிக்கு, விமானம் மாற வேண்டிய ஊரிலிருந்து அவருடைய வாட்ஸ்அப் அழைப்பு வந்தது. விமானம் ஏறும் கதவின் எண்ணை மாற்றிவிட்டார்கள்; புதிய எண் எந்தத் திசையில் என்று தெரியவில்லை; விமானம் புறப்பட ஐம்பது நிமிடங்களே இருந்தன. அவருடைய மூச்சிரைப்பும், எனக்குப் புரியாத அறிவிப்புகளும் மாறி மாறிக் கேட்டன. அதே விமானத்தில் செல்லும் ஒரு தம்பதிக்கும் நான்தான் குஞ்சம் கட்டியனுப்பியிருந்தேன். “கைப்பையில் அரக்கு நிறக் குஞ்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பார்த்தால் விடாமல் பின்னாலேயே செல்லுங்கள்” என்றேன். அத்துடன் இணைப்பு அறுந்தது.

அடுத்த இருபத்தைந்து நிமிடங்களில் நான் என்னென்ன நினைத்தேன் என்பதை எழுதப் போவதில்லை. நீங்களும் அதே வரிசையில்தான் நினைத்திருப்பீர்கள். மேசையின் விளிம்பைப் பிடித்திருந்த என் விரல்களை, உடன் பணிபுரியும் தேவி ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு குரற்பதிவு ஒன்று வந்தது. தம்பதியைக் கண்டுபிடித்து, அவர்களுக்கு அருகிலேயே அமர்ந்திருந்தார் ரோஸ்மேரி அம்மா: “இருபத்தஞ்சு வருஷம் ஆபரேஷன் தியேட்டர்ல நின்னேன் டீச்சர், ஒரு நாளும் கை நடுங்கினதில்ல. ஒரு கதவு நம்பர் மாறினதுக்கு இப்ப நடுங்குதும்மா.”

முதலாளி தந்த பரிசு

எங்கள் முதலாளி தணிகைவேல் நல்லவர். எனக்கு நேர்ந்த ஆபத்தும் அந்த நல்லெண்ணத்திலிருந்துதான் வந்தது. ஐரோப்பாவுக்கு முப்பது பேரை அனுப்பும் பயணத்தில் வழித்துணையாக நான் செல்ல வேண்டும் என்றார். பத்து நாளில் ஏழு நாடுகள். என் விடுமுறைக்காகத் தென்னேரியில் சொல்லியாகிவிட்டது என்றேன். “தென்னேரிக்குக் காக்கா கூடப் போவுது டீச்சர்” என்றார்.

என் தயக்கத்தைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். இரண்டு தெரு தள்ளி ஒரு புதிய பயண அலுவலகம் திறந்திருந்தது. அங்கே மேசைக்கு மேசை, அதில் அமர்ந்து பணிபுரிபவர் வெளிநாட்டில் எடுத்துக்கொண்ட புகைப்படங்கள். எனக்கு இலக்கணத்தைத் தவிர வேறு பிழைப்பு அந்த நாற்காலி ஒன்றுதான் என்பது அவருக்கும் தெரியும். அன்றிரவு எனக்காக ஓர் அட்டை எழுதத் தொடங்கினேன். பிறருக்கு இருபத்திரண்டில் முடிவது எனக்கு அறுபதைத் தாண்டியும் நிற்கவில்லை. ஒவ்வோர் எண்ணை எழுதும்போதும் அவர் சொன்னது காதில் கேட்டது: “தன் ஓட்டல்லயே சாப்பிடாதவன யாரு நம்புவாங்க? நீங்க போலன்னா, போயிட்டு வந்தவங்களத்தான் அந்தச் சீட்டுல உக்கார வெக்கணும் டீச்சர்.”

திரும்பும் தேதி

விண்ணப்பங்களில் நான் பிழை செய்ததில்லை என்பது ஊரறிந்த செய்தி. என் சொந்த விண்ணப்பத்தை மூன்று முறை சரிபார்த்து, முறைப்படி நான்காவதாகச் சரிபார்க்கத் தேவியிடம் கொடுத்தேன். இருபத்தாறு வயதுப் பெண், மலேசியாவுக்கு ஒரு முறை போய்வந்தவள், எதற்கும் அஞ்சாதவள். தாளை மேலிருந்து கீழாகப் பார்த்தவள், மீண்டும் மேலே சென்றாள். புறப்படும் நாள் என்னும் கட்டத்தில் பத்தாம் தேதி என்று எழுதியிருந்தேன். திரும்பும் நாள் என்னும் கட்டத்திலும் பத்தாம் தேதி என்றே எழுதியிருந்தேன். “என்ன டீச்சர் இது, போன அன்னிக்கே ரிட்டர்னா? ஏர்போர்ட்ல காபி மட்டும் குடிச்சிட்டு வந்துடறீங்களா?” என்றாள்.

நான் மறுக்கவில்லை. மூன்று முறை படித்தும் என் கண்ணுக்கு அது பிழையாகவே தெரியவில்லை. கையே எனக்காக முடிவு செய்துவிட்டது. அந்தத் தாளை முதலாளியின் முன் வைத்து, பதினோரு ஆண்டுகளாக ஒளித்து வைத்திருந்ததை முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்: எனக்குப் பயமாக இருக்கிறது, என்னால் முடியாது. அவர் சினக்கவில்லை, சினந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். தேவியின் பெயரை எழுதிக்கொண்டு, என் நாற்காலியை ஒரு முறை பார்த்தார். “சரி டீச்சர், தேவி போவட்டும். நீங்க தென்னேரிக்கே போயிட்டு வாங்க. அந்தப் பொண்ணு வந்ததும் உங்க சீட்டப் பத்திப் பேசிக்கலாம்.”

தென்னேரி

ஓய்வுக்கும் ஒழுங்கு வேண்டும் என்பதால் கால அட்டவணை ஒன்று எழுதிச் சென்றிருந்தேன். காலை ஆறு முதல் ஏழு வரை ஏரிக்கரை. பதினொன்று முதல் நான்கு வரை உறக்கம். எஞ்சிய நேரம் முழுவதற்கும் எதிரே ‘ஒன்றும் செய்யாதிருத்தல்’. என் கணவரின் தங்கை அலமேலு அதை வாசித்துவிட்டு, “ஒண்ணும் செய்யாததுக்கு எதுக்கு அண்ணி டைம் டேபிளு?” என்றாள். ஆயினும் அட்டவணைப்படி எதுவும் நடக்கவில்லை. மதியம் கண்ணை மூடினால், ஐரோப்பாவிலிருந்து திரும்பிய தேவி என் நாற்காலியில் அமர்ந்திருப்பாள். சுவரில் ஏழு நாட்டுப் புகைப்படங்கள் தொங்கும்.

ஐந்தாம் நாள் காலை ஏரிக்கரையில், செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மண்ணில் கால் புதைய அமர்ந்திருந்தேன். மூர்த்தி கேட்ட கேள்விக்கு இதுதான் விடை என்று தோன்றிய வேளையில் கைப்பேசி ஒலித்தது. முதலாளி. இரண்டு முறை ஒலித்து அடங்கவிட்டு, மூன்றாம் முறைதான் எடுத்தேன்.

“டீச்சர், அந்த நெசவாளர் மூர்த்தி வந்துக்கினு உக்காந்திருக்காரு. இந்த வாட்டி சம்சாரத்தையும் அமெரிக்காவுக்குக் கூட்டிக்கினு போறாராம்.”

“தேவி வந்ததும் அட்டை எழுதிக் கொடுப்பாள்” என்றேன். 

“அதத்தான் நானும் சொன்னேன். டீச்சருக்குப் பயம், ஏழு நாடு பாத்துட்டு வர்ற பொண்ணு எழுதிக் குடுக்கும்னேன். வேணாம்னுட்டாரு.” அவர் பெருமூச்சு விட்டது ஏரிக்கரை வரை கேட்டது. “பயப்படாதவங்க எழுதினா பாதி விட்டுப்போயிடுமாம். அந்தப் பயப்படற டீச்சர் வரட்டும், அதுவரைக்கும் காத்துக்கினு இருக்கேன்றாரு. மெதுவா வாங்க டீச்சர். உங்க சீட்டு அப்படியே இருக்குது.”

ஆகவே, உலகைச் சுற்ற விரும்புவோர் கவலையின்றிப் புறப்படுங்கள். உங்களுக்குரிய பயம் முழுவதையும், கால்களை மண்ணில் ஊன்றியபடி, தென்னேரியில் இருந்தே நான் முன்கூட்டிப் பயந்து முடித்து வைக்கிறேன்.